கல் பிடி உடைவதெல்லாம் பின்பக்கத்தில்தான்

கல் பிடி போட்ட கத்தியில் விரிசல் விழுந்தால் எல்லோரும் முதலில் கல்லைத்தான் சந்தேகப்படுவார்கள். பெயர்ந்து வந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பசையே படாத ஒரு திட்டு இருக்கும், இல்லையென்றால் நடுவில் குழிந்த பரப்பு, இல்லையென்றால் ஆணித் துளையின் ஓரத்திலிருந்து கிளம்பிய ஒரு கோடு. கல் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், வளைத்தால் தாங்காது. பின்னால் சின்ன வெற்றிடம் இருந்தாலும் கை இறுக்கும்போது கல் அந்த இடத்தில் வளையப் பார்க்கும், வளைய முடியாமல் விரியும். வெளியே தெரியும் வடிவத்துக்கும் மெருகுக்கும் எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ, யார் கண்ணிலும் படப்போகாத பின்பரப்புக்கும் அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் முழு டாங் கத்திக்கு. அலகின் எஃகு அப்படியே பின்னால் நீண்டு கைப்பிடியின் முழு வடிவத்திலும் இருக்கும், அதன் இரண்டு பக்கமும் கல் பில்லைகளை ஒட்டுவோம். டாங் 3.5 முதல் 4 மி.மீ. தடிமன் இருக்கட்டும். 2 மி.மீ. தகட்டில் செய்த சமையலறைக் கத்தியின் டாங் வளையும், எஃகு வளைந்தால் கல் அதோடு போகாது. வெட்டுக்கத்தி, அரிவாள் போல ஓங்கி வெட்டும் எதற்கும் கல் பிடி வேண்டாம். ஒவ்வொரு வெட்டின் அதிர்வும் நேராகப் பசைக்கோட்டில்தான் போய் இறங்கும்.

எடையையும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 110 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பில்லையின் கன அளவு 16.5 க.செ.மீ. அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் வகைக் கற்களின் அடர்த்தி க.செ.மீ.க்குச் சுமார் 2.65 கிராம். ஒரு பில்லை 43.7 கிராம், ஜோடி 87 கிராம். உருட்டி வடிவம் கொடுத்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். அதே அளவு ஈட்டி மரம் இதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் வரும். சின்ன அலகுக்குக் கல் பிடி போட்டால் கத்தி கையின் பின்பக்கமாகச் சாயும். டாங்கில் 6 முதல் 8 மி.மீ. துளைகள் சில போட்டு எடை குறைக்கலாம். அந்தத் துளைகளில் இறங்கும் எபாக்சிப் பசை இரண்டு பக்கத்தையும் கோத்துப் பிடிக்கும் என்பது கூடுதல் லாபம். துளைகளை அலகைச் சூடேற்றிக் கடினப்படுத்தும் முன்பே போட்டுவிட வேண்டும்.

இனி கல். தொடங்குகிறவர்களுக்கு ஜாஸ்பர்தான் சரி. கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 6.5 முதல் 7, கல்லின் மணிகள், அதாவது துகள்கள், நுண்ணியவை, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தேயும். அகேட்டும் அதே கடினம், ஆனால் பட்டைகளுக்கு நடுவில் படிகக் குழிகள் ஒளிந்திருக்கும், வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குஜராத்தின் ரத்தன்பூர் பக்கத்து அகேட்டும், அதைத் தீட்டும் கம்பாத் நகரமும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. கடைகளில் கிடைக்கும் அடர் நீல, அடர் பச்சை அகேட்டில் பெரும்பகுதி சாயம் ஏற்றியது. சாயம் உட்புறம் வரை ஏறியிருக்காது, தேய்க்கத் தேய்க்க வெளிறிய திட்டுகள் தெரியும்.

நெஃப்ரைட் ஜேடின் கடினம் 6 முதல் 6.5 வரைதான், அகேட்டைவிடக் குறைவு. ஆனால் அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் உடையாத கற்களில் அதற்கு நிகர் அரிது. கஞ்சர் எனப்படும் முகலாயர் காலத்துக் குத்துவாள்களுக்கு நெஃப்ரைட் பிடி வைத்ததில் அழகோடு இந்த உறுதிக்கும் பங்கு உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 1640ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குத்துவாள் இருக்கிறது. நீலான் மானின் தலை போலச் செதுக்கிய நெஃப்ரைட் பிடி அதற்கு. அந்த மாதிரிப் பிடிகள் ஒரே கல்லில் செதுக்கி, உள்ளே துளை குடைந்து, அலகின் வாலை அரக்கு வைத்து நிறுத்தியவை. பில்லை ஒட்டும் முறையைவிட அது பலமடங்கு கடினமான வேலை. இன்றைய வைரச் சக்கரங்கள் வராத காலத்தில் குருந்தக்கல் தூளும் தண்ணீரும்தான் ஜேடைத் தேய்த்தன. ஜேட் என்று விற்கும் மலிவான பச்சைக் கல் பெரும்பாலும் செர்பென்டைன்தான். நல்ல எஃகுக் கத்தியின் முனையால் கீறிப் பாருங்கள், செர்பென்டைனில் கோடு விழும், நெஃப்ரைட்டில் விழாது. சில செர்பென்டைன் பாறைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை இருக்கும் என்பதால் அதை அறுப்பதையே தவிர்ப்பது நல்லது.

நம் ஊரில் மிகச் சுலபமாகக் கிடைப்பது கிரானைட் கடைகளில் ஒதுக்கிப்போடும் துண்டு. 18, 20 மி.மீ. பலகை, ஒரு பக்கம் ஏற்கெனவே பாலிஷ் செய்தது. பெரிய மணி உள்ள சிவப்பு, சாம்பல் வகைகள் கத்திக்கு ஆகாது. அவற்றில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்கா 3க்கும் கீழ். தேய்க்கும்போது மைக்கா பிய்ந்துபோய் ஊசிக் குழிகள் விடும். நுண்மணிக் கறுப்புக் கல்லில் இந்தத் தொல்லை குறைவு, கையில் பிடிக்கவும் நன்றாக இருக்கும். மாக்கல் கல்சட்டிக்கு மட்டுமே. நகத்தாலேயே கீறக்கூடிய கல் பிடிக்கு நிற்காது. மரம் கல்லான துண்டுகள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவைதான், ஆனால் அவை கிடக்கும் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

எந்தக் கல்லானாலும் அறுக்கும் முன் நனைத்து, அது உலர்வதைப் பாருங்கள். பரப்பு உலர்ந்த பிறகும் ஈரமாகக் கறுத்து நிற்கும் கோடு விரிசல். பலகையை விரலில் தொங்கவிட்டு நாணயத்தால் தட்டினால் கிண்ணென்று ஒலிக்க வேண்டும். டொக்கென்று கேட்டால் உள்ளே பிளவு இருக்கிறது, வைத்துவிடுங்கள்.

தூசியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். குவார்ட்ஸ் உள்ள கல்லை உலர்வாக அறுத்தால் கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. கம்பாத்தில் அகேட் தீட்டும் தொழிலாளிகளிடம் இந்த நோய் இருப்பது மருத்துவ ஆய்வுகளில் பதிவானது. அமெரிக்காவில் 2016இல் வந்த பணியிட விதி, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு, அதாவது குவார்ட்ஸ் நுண்தூசிக்கு, மேல் கூடாது என்கிறது. அந்த அளவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அறுப்பது, தேய்ப்பது, துளைப்பது எல்லாமே தண்ணீரில்தான். துணி மாஸ்க் இதற்குப் பயன்படாது, குறைந்தது என்95 வேண்டும். பலரும் விடும் தவறு வேலை முடிந்த பிறகு நடக்கிறது: கல்சேறு உலர்ந்து தரையிலும் சட்டையிலும் தூசியாகிவிடும், மறுநாள் துடைப்பம் போட்டால் அத்தனையும் காற்றில் ஏறும். சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்துக் கட்டிப் போடுங்கள், தரையைக் கழுவுங்கள். சாக்கடையில் விட்டால் சிமென்ட் போல அடியில் படிந்து அடைக்கும்.

அறுப்பதற்கு 6 அல்லது 10 அங்குல வைரப் பிளேடு போட்ட மேசை ரம்பம் சிறந்தது. அது இல்லாதவர்கள் தண்ணீர்க் குழாய் வைத்த மார்பிள் கட்டரைப் பயன்படுத்தலாம். பிளேடின் விளிம்பு இடைவெளி இல்லாமல் ஒரே வட்டமாக இருக்கட்டும், பள்ளம் பள்ளமாகப் பிரிந்த பிளேடு ஓரங்களைச் சில்லு சில்லாக உடைக்கும். மின்சாரமும் தண்ணீரும் சேர்கிற வேலை, மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத லைனில் செருகவே கூடாது. இவற்றுக்குப் பதில் 100 மி.மீ. கிரைண்டரை எடுத்தால், அது நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும், விளிம்பின் வேகம் நொடிக்கு 57 மீட்டருக்கு மேல். கடினமான அகேட்டுக்கு அது அதிகம். அழுத்தாமல், ஒரு தடவைக்கு 2 மி.மீ. ஆழம் மட்டும் இறங்கி, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி பாருங்கள். பிளேடு வெட்டாமல் வழுக்கினால் வைரம் தேய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வைர மணிகளைச் சுற்றியுள்ள உலோகம் தேயாமல் மூடிக்கொண்டிருக்கும். ஒரு செங்கல்லில் நாலைந்து வெட்டு வெட்டினால் முனைகள் திறந்துகொள்ளும்.

பெரிய ரம்பங்களில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றுவார்கள். அப்படி அறுத்த பலகை என்றால், குறிப்பாகத் துளையுள்ள கல் என்றால், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, அசிட்டோன் துடைத்து, ஒரு நாள் காயவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கல்லுக்குள் ஏறிய எண்ணெய் பசையை நிற்க விடாது.

6 மி.மீ. பில்லை வேண்டுமென்றால் 8 மி.மீ. கனத்துக்கு அறுங்கள். இரண்டு பில்லையையும் அடுத்தடுத்த வெட்டில் எடுத்துப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்தால் பட்டைகள் இருபுறமும் ஒத்துவரும்.

பின்பரப்புக்கு வருவோம். 8 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் 120 நம்பர் சிலிக்கான் கார்பைடு தூளைத் (நம்பர் கூடக் கூடத் தூள் நுண்ணியது) தண்ணீரில் குழைத்து விடுங்கள். பில்லையின் பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். எட்டு வடிவில் தேய்க்க வேண்டும், அவ்வப்போது பில்லையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். முதலில் ஓரக் கோடுகள் போகும், நடுவில் இருப்பவை கடைசி வரை நிற்கும். அந்தக் கடைசிக் கோடும் அழியும்வரை தேய்க்க வேண்டும். பாதியில் போதும் என்று விட்டால் அந்த இடம்தான் பிற்பாடு விரியும். பிறகு 220 நம்பரில் ஒரு சுற்று. அதற்கு மேல் வழவழப்பாக்க வேண்டாம், பசைக்குப் பிடிமானம் வேண்டும். எஃகு ஸ்கேலின் விளிம்பைப் பரப்பில் நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தால் எங்கும் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. டாங்கின் இரண்டு பக்கத்தையும் இதே கண்ணாடியில், வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்துச் சோதியுங்கள். கல் சமமாக இருந்து எஃகு கோணலாக இருந்தால் பலன் ஒன்றுதான். கடினப்படுத்தும்போது எஃகு லேசாகத் திருகிக்கொள்வது சாதாரணம்.

கல்லை நேராக எஃகில் ஒட்டாமல் நடுவே 0.8 மி.மீ. ஜி10 தகடு வையுங்கள். கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த இந்தத் தகடு இழுவிசையைத் தாங்கும், கல்லால் முடியாததும் அதுதான். வல்கனைஸ் செய்த ஃபைபர் தாள் பல வண்ணத்தில் கிடைக்கும், மலிவு. ஆனால் அது ஈரம் குடித்து உப்பும், நனைந்துகொண்டே செய்யும் இந்த வேலைக்கு ஜி10தான் என் தேர்வு. தகட்டின் இரண்டு முகத்தையும் 120 நம்பர் பேப்பரால் சொரசொரப்பாக்கி, முதலில் கல்லோடு ஒட்டிக் காயவிட வேண்டும். பின்னால் தகடு இருந்தால் துளை போடும்போது கல்லின் அடிப்பக்கம் பெயராது. மெல்லிய கல்லும் பயன்படும்: 1.5 மி.மீ. ஜி10மேல் 4 மி.மீ. கல் என்றால் எடையும் குறைகிறது.

துளைக்கு வைரம் பூசிய குழாய் பிட். 3 மி.மீ. பித்தளைக் கம்பி ஆணியாகப் போகிறது என்றால் துளை 3.2 அல்லது 3.3 மி.மீ. இருக்கட்டும். பில்லையைச் சுற்றி மாவு அல்லது களிமண்ணால் வரப்பு கட்டி உள்ளே தண்ணீர் நிறுத்துங்கள். ட்ரில் ஸ்டாண்டில் 3,000 சுற்று அளவில் வைத்து, கைப்பிடியின் எடை மட்டும் இறங்கும்படி அழுத்தி, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தூக்கி இறக்க வேண்டும். தூக்கும்போதுதான் தண்ணீர் உள்ளே போய் சேறு வெளியே வரும். தூக்காமல் அழுத்தினால் பிட்டின் வாயில் கல் குச்சி சிக்கி, சூடேறி, வைரம் உதிர்ந்துவிடும். அகேட்டில் ஒரு பிட் சில துளைகளுக்கு மேல் வராது, கூடுதலாக வாங்கி வையுங்கள். ஓரத்திலிருந்து துளை 6 மி.மீ. தள்ளியே இருக்கட்டும். டாங்கில் உள்ள துளைகள் வழியாகவே பில்லையில் குறி வையுங்கள், இரண்டாவது பில்லையைத் தனியாக அளந்து துளைத்தால் பொருந்துவது சந்தேகம்.

வடிவம் எடுக்க டாங்கைப் பில்லைமேல் வைத்து அலுமினியக் கம்பி முனையால் கோடிடுங்கள். பென்சில், மார்க்கர் கோடு தண்ணீரில் போய்விடும், அலுமினியக் கோடு நிற்கும். வளைவான இடங்களை நேராக அறுக்க முடியாது என்பதால், கோட்டுக்கு 1 மி.மீ. முன்வரை 3 மி.மீ. இடைவெளியில் சீப்புப்பல்லாக வெட்டி, பற்களைக் குறட்டால் ஒவ்வொன்றாக முறித்து எடுத்துவிட்டு, 80 நம்பர் வைரச் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். எந்த விளிம்பையும் கூராக விட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் விளிம்பில் ஒரு சின்னச் சரிவு எடுத்துவிட்டால் சில்லு பறக்காது.

டாங்கைவிட 0.3 மி.மீ. பெரிதாக விட்டு நிறுத்திவிடுங்கள். ஒட்டிய பிறகு கல்லையும் எஃகையும் சேர்த்து வைரச் சக்கரத்தில் இழைப்பது தவறு. எஃகுத் துகள் வைரத்தை அடைக்கும், சக்கரம் வீணாகும். டாங் அகேட்டைவிட மென்மையாக இருப்பதால் எஃகு பள்ளமாகி, கல் இருபுறமும் மேடாக நின்று உள்ளங்கையை அறுக்கும். கடைசி 0.3 மி.மீட்டரைத் தட்டையான கெட்டிக் கட்டையில் சுற்றிய சிலிக்கான் கார்பைடு வாட்டர் பேப்பரால், கல்லும் எஃகும் ஒரே சமயத்தில் தேயும்படி, கையால்தான் எடுக்க வேண்டும். ரப்பர், ஸ்பாஞ்ச் வைத்துத் தேய்த்தால் மறுபடி எஃகுதான் பள்ளமாகும்.

அலகை ஒட்டி வரும் பில்லையின் முன்விளிம்பை ஒட்டும் முன்பே முழு மெருகுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே எந்தக் கருவியும் நுழையாது, நுழைந்தால் அலகில் கீறல் விழும். இரண்டு முன்விளிம்பும் ஒத்திருக்க, பில்லைகளைப் பின்பக்கம் சேர்த்து, துளைகளில் ஆணியைச் செருகி, ஒன்றாகப் பிடித்து மெருகிடுங்கள்.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் இரண்டு டியூப் எபாக்சி. சாதாரண அரால்டைட் போதும், 5 நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். அது ஈரத்துக்கும் சூட்டுக்கும் குறைவாகவே தாங்கும், ஃபெவிகுவிக் போன்றவை அதிர்வில் விட்டுவிடும். டாங்கை 80 நம்பரில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கல், தகடு, எஃகு, ஆணி எல்லாவற்றையும் அசிட்டோனால் துடையுங்கள். துடைத்த பிறகு விரல் பட்டால் மறுபடி துடையுங்கள். ஒட்டும் இரண்டு முகத்திலும் பசை தடவ வேண்டும், ஒன்றில் மட்டும் தடவினால் காற்றுக் குமிழி சிக்கும். கிளாம்பை முறுக்கி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. மரத்துக்கு இறுக்குகிற பழக்கம் கை வந்தவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். ஸ்பிரிங் கிளாம்ப் மூன்று, கல்லுக்கும் கிளாம்புக்கும் நடுவே ரப்பர் துண்டு, ஓரம் முழுக்க மெல்லிய பசைக்கோடு வெளியே தெரிந்தால் போதும். முன்விளிம்பில் கசிந்த பசையை இறுகும் முன் அசிட்டோன் தொட்ட பஞ்சால் எடுங்கள். குறைந்தது 24 மணி நேரம், மழைக்காலத்தில் இரண்டு நாள்.

ஆணியைச் சுத்தியால் தட்டி விரிக்கவே கூடாது. மரத்தில் அது இறுக்கம், கல்லில் அது விரிசல். ஆணி துளைக்குள் தளர்வாகப் போய்ப் பசையில் நிற்க வேண்டும், அதன் வேலை பில்லை வழுக்காமல் தடுப்பது மட்டும். போல்ட் வகை ஆணியும் அப்படித்தான், விரலால் திருகும் அளவுக்கு மேல் வேண்டாம்.

உருட்டும் வேலையில் பெரும்பகுதி 80 நம்பரிலேயே முடிய வேண்டும். எபாக்சி 60 டிகிரி தாண்டினால் இளகத் தொடங்கும், அதனால் தண்ணீர் நிற்காமல் ஓடட்டும். கல் கையில் சூடாகத் தெரிந்தாலே நிறுத்துங்கள். கார்பன் எஃகு என்றால் அலகுக்கு எண்ணெய் பூசி டேப் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் துரு பூக்கும். பிறகு 220, 400, 600, 800, 1200. ஒவ்வொரு நம்பரிலும் முந்தைய கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்து, கழுவி, உலர்த்திப் பார்க்க வேண்டும். ஈரத்தில் கீறலே தெரியாது. கடைசி மெருகில் எட்டிப் பார்க்கும் கீறல் அநேகமாக 220இல் போகாமல் விட்டதுதான், அதை 1200இல் தேய்த்து எடுக்க முடியாது, திரும்பி 220க்கே போக வேண்டும். கழுவும்போது கையையும் கட்டையையும் கழுவுங்கள், ஒட்டியிருக்கும் ஒரு பழைய மணி போதும் புதுக் கீறல் போட.

மெருகுக்கு அகேட், ஜாஸ்பருக்குக் கம்பளி வட்டில் சீரியம் ஆக்சைடு, பால் பதத்தில். வட்டு ஈரம் குறைந்து லேசாகப் பிடித்து இழுக்கும் கட்டத்தில்தான் பளபளப்பு ஏறும், அங்கே சூடும் ஏறும் என்பதால் சில நொடிக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். நெஃப்ரைட்டுக்கு இது ஒத்துவராது. இழைகள் வெவ்வேறு வேகத்தில் தேய்ந்து ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகிவிடும். அதற்குத் தோல் வட்டில் குரோமியம் ஆக்சைடு, அழுத்தம் அதிகம், தண்ணீர் குறைவு. கிரானைட்டில் குழி தெரிந்தால் மெல்லிய எபாக்சியைத் தடவி, காய்ந்த பிறகு 400இலிருந்து மறுபடி தொடங்கலாம்.

கண்ணாடிப் பளபளப்பு எல்லாக் கத்திக்கும் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஈரக் கையில் அது வழுக்கும். உபயோகிக்கப் போகும் கத்தி என்றால் 600இல் நிறுத்தி மங்கலாக விடுவதே நல்லது, நடுவில் சற்றுப் புடைப்பும் ஆள்காட்டி விரலுக்கு ஒரு பள்ளமும் கொடுத்தால் பிடி நழுவாது. வெளி விளிம்புகளெல்லாம் குறைந்தது 1 மி.மீ. உருண்டிருக்கட்டும், கூரான விளிம்பு கீழே விழுந்ததும் முதலில் பெயரும்.

பிறகு பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. வெந்நீரில் ஊற வைக்காதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். கழுவி உடனே துடைத்து, டாங்கின் ஓரத்தில் தெரியும் எஃகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். மாதம் ஒருமுறை நகத்தால் பசைக்கோட்டைத் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே பில்லை விடத் தொடங்கியிருக்கிறது. முழுப் பிடியையும் வெந்நீரில் 80 டிகிரிக்குச் சூடாக்கினால் எபாக்சி இளகும், மெல்லிய தகட்டைச் செருகிப் பில்லையை உடையாமல் பிரித்து, பின்பக்கத்தைத் திரும்பவும் 220இல் தேய்த்து ஒட்டிவிடலாம்.